பாதிச் சிகரெட்

படத்தின் பெயரை விடுங்கள்.
கதையையும்தான்:
ஒரு லெப்டினென்ட், ஒரு பணக்காரப் பெண்,
கைமாறிப் போன கடிதம்,
கடைசியில் கொடி.

ரிச்மண்ட் கப்பல் பட்டறையில்
நள்ளிரவுக்கு ஷிஃப்ட் முடியும்.
ஒரு மணிக் காட்சிக்கு
வெல்டிங் கருகல் வீசும் சட்டையோடு
வெர்டெல் மேய்ஸ் ஓடுவாள்.
பின்னாலேயே ஐலி கொஸ்கெலா,
கையில் கடித்து வைத்த சாண்ட்விச்.

மூன்றாம் ரீல் வரைக்கும் தூங்கலாம்.
தூங்குவார்கள்.
கொட்டகையே அப்படித்தான்,
ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்து
வாயைத் திறந்து.

லெப்டினென்ட் சிகரெட் பற்றவைப்பான்.
அந்தத் தீக்குச்சி உரசல் போதும்,
வரிசை வரிசையாய் முதுகுகள் நிமிரும்.

ராணுவச் சமையலறை.
உருளைக்கிழங்குக் குவியல்.
ஏப்ரன் கட்டிய இரண்டு கறுப்பர்கள்,
ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை.
டைட்டிலில் அவர்கள் பெயர் இல்லை,
ஐலி இரண்டு முறை தேடிவிட்டாள்.
அதனால் நெட்டை, குட்டை.

நெட்டை ஒரே சுருளாய் உரித்த தோலைக்
கழுத்தில் மாலையாய்ப் போட்டுக்கொண்டு
கவிழ்த்த அண்டாவின் மேல் ஏறுவான்.
அப்புறம் நடப்பதை
எழுதிக் காட்ட வராது எனக்கு.
கால்கள் பேசின என்றால் பொய்.
கால்கள் வாதாடின.
அண்டா பதில் சொன்னது,
கரண்டி குறுக்கே பேசியது.
எட்டு மணி நேரம் இரும்பை
இரும்பு அடித்துக் கேட்ட காதுகளுக்கு
இரும்புக்கு இப்படியும் வாய் உண்டென்பது
செய்தி.

முடிவில் குட்டை சுற்றுவான்,
அண்டா விளிம்பில், ஒற்றைக் காலில்.
பதினெட்டுச் சுற்று என்பாள் ஐலி.
பத்தொன்பது என்பாள் வெர்டெல்.
எட்டு முறை பார்த்தும் வழக்கு தீரவில்லை.
பன்னிரண்டு வரும்போது
யாராவது விசிலடித்துக் கணக்கைக் கெடுப்பார்கள்.
சில இரவுகளில்
அந்த யாராவது அவர்களேதான்.

நாலு நிமிஷம்.
மறுபடி லெப்டினென்ட்,
விரலில் பாதிச் சிகரெட்.
பெண் கிடைத்தாளா, போர் முடிந்ததா
என்று கேட்க நிற்காமல்
பாதிக் கொட்டகை எழுந்து வீட்டுக்குப் போகும்.

ஆகஸ்டில் அக்காள் கல்யாணம்.
மூன்று நாள் ரயில், உட்கார்ந்தபடியே,
லூசியானாவுக்கு.
ஷ்ரீவ்போர்ட்டில் அதே படம்!
சித்தி மகள் க்ளியோராவை
இழுத்துக்கொண்டு போனாள்:
"மூணாம் ரீல் வரைக்கும் பொறுத்துக்கோ."

பால்கனி டிக்கெட்.
உயர்ந்த வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.
அந்த ஊரில் பால்கனிக்குப்
பக்கச் சந்தில் தனி வாசல், தனிப் படிக்கட்டு.
மின்விசிறிகள் கீழே, வெள்ளையருக்கு.
அவர்கள் விட்ட வெக்கை மேலே வரும்.

தீக்குச்சி.
வெர்டெல் க்ளியோராவின் முழங்கையைப் பற்றினாள்.

திரை ஒரு துள்ளு துள்ளியது.
லெப்டினென்டின் விரலில்
பாதிச் சிகரெட்.

"எங்கே?" என்றாள் க்ளியோரா.
"இரு."
இருந்தார்கள்.
பணக்காரப் பெண் அழ ஆரம்பித்தாள்.

பின்வரிசை இருட்டிலிருந்து ஒரு குரல்,
அவசரமில்லாமல்:
"கத்திரிச்சிட்டான்.
ஷிகாகோவில பார்த்தேன், நாலு நிமிஷம் வரும்.
அந்தக் குட்டையன்
இருபது சுத்து சுத்துவான்."
விடுப்பில் வந்த சிப்பாய்.

"பத்தொன்பது" என்றாள் வெர்டெல்,
திரும்பாமலே.

"இருபதும்மா."
"எண்ணிப் பார்த்தீங்களா?"
"நீங்க?"
முன்வரிசையில் ஒருவர் திரும்பி
எது இருபது என்றார்.
அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது,
அவர் மனைவிக்கும்.
டார்ச் வெளிச்சம் வந்தது,
முகம் முகமாய்த் தடவியது.
எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே சந்துப் படிக்கட்டில்
சிப்பாய் குட்டை ஆனான்,
ஆறடி உயரம் இருந்தும்.
வெர்டெல் வேலைக்குப் போகும் பூட்ஸில் நெட்டை.
அண்டாவுக்குக் குப்பைத் தொட்டி மூடி.
நாலாவது சுற்றில் சிப்பாய் சுவரில் மோதினான்.
"நாலு" என்று எண்ணி முடித்தாள்
க்ளியோரா, மிக நேர்மையாக.

ஐலிக்குப் போன அஞ்சலட்டை:
இங்கே படம் ஓடுகிறது.
சிகரெட் தானாகக் குறைகிறது.
நீ பதினெட்டையே வைத்துக்கொண்டிரு,
திங்கள் ராத்திரி வந்து
சண்டை போடுகிறேன்.
சாண்ட்விச் இரண்டாக வாங்கு.